மலையில் ஓர் இரவு தங்குபவர் அறிய வேண்டியவை

திருவண்ணாமலையிலிருந்து போளூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கலசப்பாக்கத்தை நெருங்கும்போது, மேற்குத் திசையில் ஒரு மலை மற்ற குன்றுகளிலிருந்து விலகிச் செங்குத்தாக எழுந்து நிற்பதைக் காணலாம். அதுதான் பர்வதமலை. ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள அதன் உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர் கோயில் இருக்கிறது. தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழி, கடலாடியிலிருந்து ஒரு வழி. படிக்கட்டு முடிந்தபின் காட்டுப் பாதை. அது முடிந்தபின் வெறும் பாறை. அந்தப் பாறையில் பதித்த கடப்பாரைகளையும் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். பௌர்ணமி இரவுகளிலும் மகா சிவராத்திரியன்றும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கைவிளக்குகளின் வரிசை ஒன்று மெல்ல ஊர்ந்து செல்வதைத் தொலைவிலிருந்தே பார்க்க முடியும்.

வெயிலுக்கு அஞ்சி மாலையில் ஏறத் தொடங்கி, இரவை உச்சியிலோ வழியிலோ கழித்து, விடிந்தபின் இறங்குவதே இங்கு வழிவழியாக வந்த பழக்கம். அண்மை ஆண்டுகளில் பக்தர்களுடன் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வார இறுதியில் நகரங்களிலிருந்து கூடாரம், தூங்குபை, சிறிய எரிவாயு அடுப்பு, ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சுமந்து வரும் இளைஞர்கள் அவர்கள். ஒருவர் தரிசனத்துக்கு வருகிறார், மற்றவர் சூரிய உதயத்துக்கு வருகிறார். மலையைப் பொறுத்தவரை இருவரும் ஒருவரே: ஓர் இரவு தங்கி, உண்டு, உறங்கி, கழித்துவிட்டுப் போகிறவர்.

மலையில் ஏறுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. தங்குவது எப்படி என்று சொல்வோர் குறைவு. ஏறுவதைவிடத் தங்குவதுதான் மலைக்கு அதிகச் சேதம் விளைவிக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட வழிகாட்டுதல் மேலை நாட்டு இறக்குமதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பத்துப்பாட்டின் பத்தாவது பாட்டான மலைபடுகடாம் இந்த நிலப்பகுதியைப் பற்றியதுதான். செங்கண்மா என்று அன்று அழைக்கப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்வதாக அமைந்த 583 அடிகள். அதில் வரும் சேயாறு இன்று கலசப்பாக்கத்தைத் தொட்டு ஓடும் செய்யாறு. அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அம்மலையில் காரியுண்டிக் கடவுள் உறைவதாகவும் பாட்டு கூறுகிறது.

மன்னனைப் புகழ்ந்த பாட்டு என்ற அளவில் அதைக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி, பாதையில்லாத மலைக்காட்டில் குழுவாகச் செல்பவர்களுக்கான நடைமுறை அறிவுரை. பன்றிகளைப் பிடிக்கப் பொறிகள் வைத்திருக்கும் வழியில் இருளில் நடக்காமல் விடிந்தபின் செல்லச் சொல்கிறது. பாம்புகள் மறைந்திருக்கும் குழிகளைக் குறித்து எச்சரிக்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறியும்போது மரங்களின் மறைவில் ஒதுங்கச் சொல்கிறது. வழுக்கும் நீர்நிலைக் கரையில் எதைப் பற்றிக்கொண்டு கடப்பது என்று கூறுகிறது. பொழுது சாய்ந்தால் நடையை நிறுத்திவிட்டுக் கற்குகையில், தம் வீட்டுக்குள் புகுந்தாற்போல், தங்கச் சொல்கிறது. வழி பிரியும் இடத்தில் பின்னால் வருவோர் தடுமாறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவும் சொல்கிறது.

இந்தக் கடைசி அறிவுரை கவனிக்கத்தக்கது. இன்று பாறைகளில் அம்புக்குறியும், அதன் பக்கத்தில் தம் பெயரும், தாம் விரும்பும் பெண்ணின் பெயரும் வண்ணத்தில் எழுதிச் செல்கிறார்கள். புல்முடிச்சு அடுத்தவருக்கு வழி காட்டியது. அடுத்த மழைக்குப்பின் மறைந்தும் போனது.

உலக அளவில் இன்று அதிகம் பின்பற்றப்படுவது அமெரிக்காவில் உருவான 'தடயம் விடாதே' என்னும் ஏழு நெறிகள். அங்குள்ள வனத்துறையும் பூங்காத் துறையும் 1960-களிலிருந்து பட்ட அனுபவத்தில் திரண்ட கருத்துகள் அவை; 1994 முதல் அவற்றைப் பரப்பவென்றே ஒரு தனி அமைப்பு இயங்குகிறது. முன்கூட்டித் திட்டமிடு, உறுதியான தரையில் நட, அங்கேயே தங்கு, கழிவை முறையாக அகற்று, கண்டதை எடுக்காதே, நெருப்பைக் குறை, விலங்கை மதி, சக பயணியை மதி என்பதே அவற்றின் சாரம். நல்ல நெறிகள்தாம். ஆனால், மனித நடமாட்டம் அரிதான பெருங்காடுகளில் இருவர் மூவராகச் செல்வோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரே இரவில், ஒரே பாதையில், ஒரே உச்சியை நோக்கி ஆயிரக்கணக்கானோர் போகும் மலைக்கு அவற்றை அப்படியே பெயர்த்து எழுதினால் போதாது. சில இடங்களில் தவறாகவும் முடியும்.

நடப்பதையும் படுப்பதையும் எடுத்துக்கொள்வோம். ஆளரவமற்ற இடத்தில் குழுவாகச் சென்றால் ஒருவர் அடிச்சுவட்டில் மற்றவர் நடக்கக் கூடாது. பரவி நடக்க வேண்டும். அப்போதுதான் புதுத்தடம் விழாது. கூட்டம் புழங்கும் இடத்தில் இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே தேய்ந்த தடத்திலேயே அனைவரும் நடக்க வேண்டும். ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட பாறைமீதே படுக்க வேண்டும். ஏனெனில், செடி வளர்ந்த நிலத்தில் மிதிபட்டதால் ஏற்படும் சேதத்தின் பெரும்பகுதி முதல் சில மிதிகளிலேயே நேர்ந்துவிடுகிறது. அதன்பின் நூறு பேர் நடந்தாலும் ஆயிரம் பேர் நடந்தாலும் அந்தத் தடத்துக்குக் கூடுதலாக நேர்வது குறைவு. புதிதாக ஒரு குறுக்குவழியைத் திறப்பவர்தாம் பெருங்கேடு செய்கிறார். மலைச்சரிவில் குறுக்குவழி என்பது மழைநீருக்கு வெட்டிக் கொடுத்த கால்வாய். இரண்டு பருவமழைக்குள் அது ஓடையாகிவிடும். கூடாரத்துக்காகப் புதரை வெட்டிச் சமன்படுத்துவதும் இவ்வகையில் சேரும். நல்ல இடம் என்பது கண்டுபிடிக்கப்பட வேண்டியது, உருவாக்கப்பட வேண்டியதன்று.

இனி, பேசக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருவோம். ஒரு மலையுச்சியின் தூய்மை கெடுவதற்குப் பிளாஸ்டிக்கைவிட மலமே பெரிய காரணம். பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றிப் பேசுகிறோம். பின்னது நீரில் கலந்து கீழே வரும்வரை யாரும் கவனிப்பதில்லை.

காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால், நீர்நிலை, பாதை, தங்குமிடம் ஆகியவற்றிலிருந்து 200 அடியாவது தள்ளிச் சென்று, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, பின்னர் அதே மண்ணால் மூட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. அந்த ஆழத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேல்மண்ணின் அந்த அடுக்கில்தான் கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிகுதி. மேலே விட்டால் ஈயும் மழையும் பரப்பும். மிக ஆழமாகப் புதைத்தால் சிதைவது தாமதமாகும். துடைக்கும் தாள், ஈரத்துண்டு, அணையாடை போன்றவற்றை அக்குழியில் போடக் கூடாது. ஈரத்துண்டுகளில் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. அவற்றை உறையிட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். கையால் நீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கம் இந்த ஒரு வகையில் மேலானது. கழுவும் இடமும் நீர்நிலையிலிருந்து விலகியிருந்தால் போதும்.

ஆனால் குழி தோண்ட மண் வேண்டுமே! பர்வதமலையின் மேற்பகுதி பெரும்பாலும் பாறை. பாறை இடுக்கில் கழித்தது காய்ந்து, முதல் மழையில் கரைந்து, கீழேயுள்ள சுனைக்கும் ஓடைக்கும் வந்து சேரும். இதற்கு விடை இரண்டே. ஏறுவதற்குமுன் அடிவாரத்தில் கழித்துவிட்டு ஏறுவது. இயலாவிட்டால் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவது. இரண்டாவதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் எவரெஸ்ட் சிகரத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த வட்டாரத்தை நிர்வகிக்கும் நேபாள ஊராட்சி, 2024 முதல், மலையேறுபவர் தம் மலக்கழிவைச் சிறப்புப் பைகளில் அடிவார முகாமுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று விதி வகுத்தது. குளிரில் சிதையாத கழிவு அங்கே சிக்கல். மண்ணில்லாத பாறை இங்கே சிக்கல்.

நீரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வறண்ட மலையில் உள்ள சுனை, மனிதனுக்கு முன்பே குரங்குக்கும் பறவைக்கும் தேனீக்கும் உரியது. அதில் இறங்கிக் குளிப்பது, பாத்திரம் கழுவுவது, சோப்பு போடுவது எதுவும் கூடாது. பாத்திரத்தில் மொண்டு, தள்ளி எடுத்துச் சென்று பயன்படுத்த வேண்டும். 'மக்கும் சோப்பு' என்று விற்கப்படுவதும் மண்ணில்தான் மக்கும், நீரில் அன்று. இருட்டியபின் சுனையருகே கூடாரம் போட்டால், இரவு முழுவதும் தாகத்தோடு காத்திருக்கும் விலங்கின் வழியை மறித்ததாகும்.

அடுத்தது நெருப்பு. குளிருக்காக, சமையலுக்காக, சில சமயம் வெறும் அழகுக்காக நெருப்பு மூட்டுகிறார்கள். ஜவ்வாது மலைத் தொடரை ஒட்டிய காடுகள் கோடையில் இலையுதிர்ந்து, காய்ந்த புல்லும் சருகுமாக மாறுபவை. பங்குனியிலும் சித்திரையிலும் அங்கே ஒரு பீடித்துண்டு போதும். பர்வதமலைக்கோ சித்திரைப் பௌர்ணமி பெரிய நாள். ஆக, காடு அதிகம் காய்ந்திருக்கும் காலமும் மனிதர்கள் அதிகம் கூடும் காலமும் ஒன்றாகின்றன.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் நடந்ததைத் தமிழகம் மறந்திருக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அதை விசாரிக்க அதுல்ய மிஸ்ராவை அரசு நியமித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளையும் வெளியிட்டது. குரங்கணியிலிருந்து சாதாரணப் பயணி கற்க வேண்டிய அறிவியல் ஒன்று இருக்கிறது. சரிவில் நெருப்பு கீழிருந்து மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மேலெழும் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திப் பற்றுவதற்கு ஆயத்தமாக்கிவிடுகிறது. எனவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது பெரும்பாலும் தோற்கும் ஓட்டம். வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து அணைந்த தரை, நீர் இவற்றில் அருகிலிருப்பதைப் பக்கவாட்டில் சென்று அடைவதே தப்பும் வழி. இதை ஏறுவதற்குமுன் அறிந்திருக்க வேண்டும். தீயைக் கண்டபின் யோசிக்க நேரமிருக்காது.

காப்புக்காட்டில் தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அணைக்காமல் விட்டுச் செல்வதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றங்கள். ஆகவே சமையலைக் கீழேயே முடித்துக்கொண்டு, கட்டுச்சோற்றுடன் ஏறுவது ஒன்றே முறை. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இதற்காகவே நம் முன்னோர் கண்டுபிடித்தவை போலிருக்கிறது. ஒரு நாள் கெடாது, சூடு படுத்தவும் வேண்டாம். குளிருக்குக் கம்பளி போதும். வழிபாட்டுக்காக ஏற்றும் கற்பூரமும் அகலும் கோயிலுக்குள் மட்டும் ஏற்றப்பட வேண்டும். வழியிலுள்ள மரத்தடிதோறும், பாறைதோறும் ஏற்றி, காற்றில் விட்டுச் செல்வதைப் பக்தி என்று எந்த ஆகமமும் சொல்லியிருக்காது.

பிளாஸ்டிக் என்றதும் தண்ணீர்க் குப்பிகளே நினைவுக்கு வரும். பர்வதமலைக்கு இன்னொரு சிறப்புக் காரணமும் உண்டு. உச்சிக் கோயிலில் பக்தர்கள் தம் கையாலேயே இறைவனுக்கு அபிடேகம் செய்யலாம் என்பது இத்தலத்தின் பெருமை. அதனால் ஒவ்வொருவர் பையிலும் பால், தயிர், எண்ணெய், பன்னீர், விபூதி, சந்தனம். இவை அனைத்தும் இன்று பாக்கெட்டில் வருகின்றன. ஆயிரம் பேர் ஏறினால் பல்லாயிரம் காலி உறைகள் உச்சியில் சேரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆனால் பால் உறை, எண்ணெய் உறை போன்றவை அன்றாட விற்பனையில் இருப்பவை. தடையைக் காட்டி மட்டும் அவற்றை நிறுத்த முடியாது. ஒரு தலைமுறைக்கு முன் பால் தூக்குவாளியில் சென்றது, எண்ணெய் சிறு செம்பில் சென்றது. மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் இன்றும் செல்ல முடியும். அடிவாரக் கடைக்காரர்கள் உறையைப் பிரித்துத் தூக்கில் ஊற்றித் தந்து, உறையைத் தாமே வைத்துக்கொண்டால் அந்தக் குப்பை மலையேறாது.

அன்னதானத்தையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். உச்சியில் பசியாற்றுவது பெரும்புண்ணியம் என்று நம்பி அங்கே உணவு வழங்குகிறார்கள். பூச்சிட்ட தாள் தட்டும் நெகிழிக் குவளையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, அங்கு சேரும் கழிவைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. இந்த ஏற்பாடு கல்யாண மண்டபத்துக்கு மட்டுமன்று, மலையடிவாரத்துக்கும் பொருந்தும். அன்னதானம் அடிவாரத்தில் நடக்கட்டும். இறங்கி வருபவருக்கும் பசி உண்டு.

'வாழைப்பழத் தோல் மக்கிவிடும்தானே?' என்று கேட்பவர் பலர். மக்கும், ஆனால் ஈர மண்ணில். காய்ந்த பாறையில் அது பல வாரங்கள் கறுத்துக் கிடக்கும். அதற்குள் குரங்கு வந்துவிடும். குரங்குக்கு உணவிடுவது கருணையாகத் தோன்றும், விளைவு கொடுமை. பையைத் திறந்தால் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கு, அடுத்து வரும் முதியவரின் கையிலிருந்து பையைப் பறிக்கும். அந்தப் பறிப்பு சங்கிலியைப் பற்றித் தொங்கும் இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடித்துவிட்டால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வரிசையாகப் போட வேண்டிவரும். உணவை மணம் கசியாத மூடிய கலத்தில் வைப்பதும், மிச்சத்தைத் தோலுடன் கீழே கொண்டுவருவதும் குரங்குக்குச் செய்யும் உண்மையான உதவி.

ஒலியும் ஒளியும் கழிவுகளே. இரவில் நடமாடும் விலங்குகள் செவியாலும் மோப்பத்தாலும் வாழ்பவை. ஒரு சிறிய ஒலிபெருக்கி பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். பக்திப் பாட்டாக இருந்தாலும் திரைப்பாட்டாக இருந்தாலும் ஆந்தைக்கு வேறுபாடு தெரியாது. பக்கத்துப் பாறையில் தியானத்தில் அமர்ந்திருப்பவருக்கும், நாள் முழுவதும் ஏறிக் களைத்துத் தூங்குபவருக்கும் அது தொல்லைதான். தலைவிளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்தி வைப்பது, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமலிருப்பது, ஏணியில் இறங்குபவருக்கு வழிவிட்டு நிற்பது எல்லாம் சிறிய மரியாதைகள். செங்குத்தான பாறையில் ஒரு நொடி கண் கூசுவது ஓர் உயிரின் விலையாகலாம்.

எங்கே தங்கக் கூடாது என்பதை வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தமிழர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஓமனிலும் அமீரகத்திலும் குளிர்கால விடுமுறையில் பாலைவனத்தில் கூடாரமிடுவது பரவலான பொழுதுபோக்கு. அங்கே கற்பிக்கப்படும் முதல் பாடம், 'வாதி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகையில் தங்காதே என்பது. தட்டையாக, மணலாக, காற்று மறைவாக அது கூடாரத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். ஆனால் பல கல் தொலைவில் பெய்த மழை, தலைக்குமேல் ஒரு துளியும் விழாத இடத்தில் வெள்ளமாக வந்து சேரும். 2024 ஏப்ரலில் ஓமனில் இத்தகைய வெள்ளம் பள்ளிச் சிறுவர்கள் சென்ற வாகனத்தை அடித்துச் சென்றது. நம் காட்டோடைகள் வாதியின் உடன்பிறப்புகளே. பர்வதமலையில் மாலையில் கால் நனையாமல் தாண்டிய ஓடை, மலைமேல் இடிமழை பெய்தால் சில நிமிடங்களில் இடுப்பளவு ஓடும். இறங்கும் வேளையில் ஓடையில் நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். கயிறு கட்டிக் கடக்கும் வீரம் வேண்டாம். அத்தகைய வெள்ளம் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு விரைவில் வடியவும் செய்யும். இரண்டு மூன்று மணி நேரப் பொறுமையே அங்கே தேவை.

பாலைவனம் என்றதும் நம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் விரிந்து கிடக்கும் அந்தச் செம்மணல் மேடுகளில் இப்போது ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் சாகசத்துக்காக ஓட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் காற்றில் நகர்ந்து வயல்களையும் வீடுகளையும் மூடிய மணல் அது. பனையும் முந்திரியும் முட்செடிகளும் வேரூன்றிய பிறகே அது அடங்கியது. சக்கரம் செடியை வேருடன் பெயர்த்த இடத்தில் மணல் மீண்டும் நகரத் தொடங்கும். மணல் வெறுமையாகத் தெரிவதால் அங்கே கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவதே ஓட்டுபவர் செய்யும் முதல் பிழை. இருக்கும் தடத்தை விட்டு வண்டி விலகக் கூடாது என்ற விதி, செய்யாற்று மணலில் மோட்டார் சைக்கிள் இறக்குபவர்களுக்கும் உரியதே.

தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும். அடிவாரத்தில் போதிய கழிப்பறை இல்லாத மலையில், 'பாறையில் கழிக்காதே' என்று சொல்வதற்கு யாருக்கும் அருகதை இல்லை. கோயில், காடு, கிராமம் என்று ஒரே மலை பல கைகளில் இருக்கும்போது குப்பை எவர் கையிலும் இருப்பதில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு, வழிகாட்டி, எண்ணிக்கை வரம்பு எல்லாம் இருக்கின்றன; உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கிறது. யாத்திரை மலைகளுக்கு அந்த அளவு கட்டுப்பாடு பொருந்தாது என்பது உண்மைதான். வழிபடப் போகிறவரிடம் முன்பதிவுச் சீட்டு கேட்பது பலரைப் புண்படுத்தும். ஆனால் ஜப்பானியர் புனிதமாகக் கருதும் ஃபுஜி மலைக்கு வழி கிடைத்திருக்கிறது. 2024 கோடையில் அங்குள்ள யொஷிதா பாதையில் 2,000 யென் கட்டணம், நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரம்பு, மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர் மாலை 4 மணிக்குமேல் ஏற முடியாதபடி வாயிற்கதவு ஆகிய மூன்றும் வந்தன. தங்க இடமின்றி இரவெல்லாம் ஏறி விடியலைப் பார்த்துவிட்டு ஓடிவரும் பழக்கமே விபத்துகளுக்கும் குப்பைக்கும் காரணம் என்று கண்டதன் விளைவு அது.

பர்வதமலைக்குக் கட்டணம் வேண்டியதில்லை, கணக்கு வேண்டும். இன்றிரவு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அடிவாரத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பெயர், ஊர், கைப்பேசி எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதும் ஒரு பதிவேடு போதும். மாலையில் வராதவரைத் தேடத் தொடங்க அதுவே ஆதாரம். மழை எச்சரிக்கை நாளிலும், தீக்காலத்திலும் வனத்துறை இரவு ஏற்றத்தைத் தடுக்கும்போது அந்தப் பதிவேடு மூடப்பட வேண்டும். மறுவழியாகச் சுற்றி ஏறுவோரைத் தடுக்கும் பொறுப்பு ஊர்மக்களுக்கும் உண்டு. கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரியில் அடிவாரத்திலேயே பைகளைச் சோதித்து, தண்ணீர்க் குப்பிக்கு அடையாள வில்லை ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, குப்பியுடன் இறங்கி வருபவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. டாஸ்மாக் காலிப் புட்டிகளுக்கு நீலகிரியில் 2022-இல் தொடங்கிய 10 ரூபாய்த் திட்டமும் அதே கணக்குதான். குப்பியை எறிபவரின் பணத்தை இழக்கச் செய்வதோடு, எறிந்ததைப் பொறுக்கி வருபவருக்கு அதைக் கூலியாகவும் ஆக்குகிறது அது.

தென்மாதிமங்கலத்திலும் கடலாடியிலும் இரண்டு சோதனை மேசைகள், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைகள், பால் ஊற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடைக்காரர்கள், வாடகைக்குச் சில நூறு எவர்சில்வர் தூக்குகள். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. மார்கழி முதல் நாளில் கோயில்மாதிமங்கலம் கரைகண்டேசுவரர் இந்த மலையைச் சுற்றி வலம்வரும்போது வழிநெடுகக் கூடும் மக்களுக்கு ஊர்மக்களே பந்தலிட்டு நீரும் மோரும் வழங்குகிறார்கள். தைமாதத்து ரதசப்தமியில் அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போதும் ஆற்றங்கரையைத் துப்புரவு செய்யும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளையும் அடிவாரக் கடைக்காரர்களையும் வனத்துறை, அறநிலையத்துறை, ஊராட்சி ஆகிய மூன்றுடன் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உரியது. சித்திரைப் பௌர்ணமிக்கு முன் அந்தக் கூட்டம் நடந்தால், கோடைக் கூட்டத்துக்கே அதன் பயன் கிடைக்கும்.